நீரின் ஆவி அழுத்தம்

மூடிய கலத்தில் நீரும் அதன் ஆவியும் சமநிலையில் இருக்கும்போது ஆவி செலுத்தும் அழுத்தமே நீரின் ஆவி அழுத்தம். இதைத் தெவிட்டிய ஆவி அழுத்தம் என்றும் கூறுவர். இது நீரின் அளவையோ கலத்தின் வடிவத்தையோ சார்ந்ததன்று. தூய நீரில் வெப்பநிலையே இதை முடிவு செய்கிறது.

வெப்பநிலையும் அழுத்தமும்

வெப்பநிலை ஏறினால், நீர்ப்பரப்பை விட்டு வெளியேறும் ஆற்றல் பெற்ற மூலக்கூறுகள் வேகமாகப் பெருகுகின்றன. அதனால் ஆவி அழுத்தம் மடங்குகளாக உயர்கிறது.

0 °செ – 0.61 கிலோபாஸ்கல்
20 °செ – 2.34
30 °செ – 4.25
40 °செ – 7.38
60 °செ – 19.9
80 °செ – 47.4
100 °செ – 101.3

இந்த உறவை விளக்கும் சமன்பாட்டை 1834இல் கிளாபெய்ரான் முன்வைத்தார். 1850இல் கிளாசியஸ் அதை வெப்ப இயக்கவியலின் அடிப்படையில் செம்மைப்படுத்தினார்.

கொதித்தல்

ஆவி அழுத்தம் புறக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போது நீர் கொதிக்கிறது. கடல் மட்டத்தில் இது 100 °செ. காற்றழுத்தம் குறைந்த உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93 °செ-இலேயே கொதிப்பதால் பருப்பு வேகத் தாமதமாகும். குக்கருக்குள் அழுத்தம் இருமடங்காவதால் கொதிநிலை 120 °செ-ஐ நெருங்குகிறது.

ஆலத்தியூர்ப் பகுதியில்

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர், சுண்ணாம்புக்கல் வளமும் சிமென்ட் ஆலையும் கொண்ட உள்நாட்டு ஊர். இத்தகைய ஊர்களில் கத்திரி வெயிலின் கடுமையை ஆவி அழுத்தத்தால் அளந்தறியலாம். வெப்பநிலை 40 °செ, ஒப்பு ஈரப்பதம் (தெவிட்டிய ஆவி அழுத்தத்தில் காற்றிலுள்ள ஆவி அழுத்தத்தின் பங்கு) 30 விழுக்காடு எனில், காற்றிலுள்ள ஆவியின் அழுத்தம் 2.2 கிலோபாஸ்கல், தெவிட்ட இன்னும் 5.2 தேவை. கடலோரத்தில் 35 °செ, 70 விழுக்காடு எனில், தேவை 1.7 மட்டுமே. இந்தப் பற்றாக்குறை மிகும்போது ஏரியும் ஈரமண்ணும் விரைந்து வற்றும், பயிர் வாடும். நிலத்தில் மூடாக்கு இடுவதும் மாலையில் நீர் பாய்ச்சுவதும் இந்த இழப்பைக் குறைக்கும்.

சிமென்ட் ஆலைகளில் சூளையின் சூடான வாயுவைக் குளிர்விக்க நுண்துளிகளாக நீர் தெளிப்பதுண்டு. துளிகள் ஆவியாகி வெப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. வாயு அதன் பனிநிலைக்கு, அதாவது ஆவி தெவிட்டி நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே குளிர்ந்தால் ஆவி மீண்டும் நீராகி, வடிகட்டிப் பைகளில் தூசியைச் சேறாக ஒட்டவைக்கும். எனவே வெப்பநிலை அதற்கு மேலேயே பேணப்படுகிறது.

முக்கியத்துவம்

30 °செ-ஐ ஒட்டிய நிலையில் ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுகிறது. புவி வெப்பமாகும் காலத்தில் ஏரிப் பாசனமும் மானாவாரி வேளாண்மையும் நம்பியுள்ள ஊர்கள், மழையளவோடு ஆவியாதலால் நேரும் இழப்பையும் கணக்கில் கொண்டு நீரைத் திட்டமிட வேண்டும்.