மறுஜென்மம் என்னும் சொல்: நிக்கோபார்த் திருப்பணி வரலாற்றின் பின்னணியில்

1768-இல் தரங்கம்பாடியிலிருந்து சென்ற மொரேவியச் சபையார் நன்கௌரித் தீவில் திருப்பணியைத் தொடங்கினர். காய்ச்சலுக்குப் பலர் இரையாயினர். 1787-இல் பணி கைவிடப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகளில் மனமாற்றம் பெற்ற தீவினர் என ஒருவரையும் அவர்களால் காட்ட இயலவில்லை. தீவு மொழி வசப்படாமை ஒரு காரணம். அவர்கள் எதனை எதிர்நோக்கினர் என்பதும் கருதத்தக்கது. உள்ளத்தில் உணரப்படும் புதுவாழ்வே மறுபிறப்பு என்பது அவர்தம் பக்திமரபின் கொள்கை. சடங்கு மட்டும் அதனை நிறைவேற்றாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்திய தமிழ் உபதேசியார் வேதப்பன் சாலமோன் ஆங்கிலிக்கன் மரபினர். அம்மரபின் பொது ஜெப நூல், திருமுழுக்குப் பெற்ற குழந்தையை அப்பொழுதே மறுபிறப்படைந்ததாக அறிவிக்கிறது. எனினும் அச்சபைக்குள்ளும் கருத்தொற்றுமை இருந்ததில்லை. முழுக்கோடு மறுபிறப்பு கட்டாயமாக நிகழ்வதில்லை என்ற கோரம் என்னும் குருவின் கருத்து சபைப் போதனைக்கு முரணன்று என 1850-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. விசுவாசத்தின்போதே மறுபிறப்பு என்பாரும், விசுவாசத்திற்கு முன்பே என்னும் கால்வினியரும் வேறு உளர்.

இவ்வழக்கில் மொழிபெயர்ப்பாளர் நடுநிலை வகிப்பது அரிது. 'பாலிங்கெனெசியா' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஈரிடங்களில் மட்டுமே வருகிறது. தீத்து நிருபத்தில் அது தனிமனிதனைச் சுட்டுகிறது. மத்தேயுவில் இனி வரவிருக்கும் உலகப் புதுப்பிப்பைச் சுட்டுகிறது. பழைய தமிழ் வேதாகமம் ஈரிடத்தும் 'மறுஜென்மம்' என்றே பெயர்த்தது. சொல்லொருமை காக்கப்பட்டது, ஆயின் இச்சொல் தமிழில் ஏற்கெனவே வினைக்கோட்பாட்டுக்கு உரியது, இறப்புக்குப் பிந்திய காலத்தைக் குறிப்பது. அதனை இம்மைக்குள் இழுத்து நிறுத்துவது தீத்துவில் அதனையடுத்து வரும் 'முழுக்கு' என்னும் சொல்லே. கழுவுதல் எனப் பெயர்த்திருப்பின் சடங்கின் சாயல் இத்துணை அழுத்தம் பெற்றிராது.

யோவான் மூன்றாம் அதிகாரத்தின் சிக்கல் வேறு. 'அனோதென்' என்பதற்கு 'மறுபடியும்', 'மேலிருந்து' என இருபொருள் உண்டு. நிக்கொதேமு தாயின் வயிற்றைப் பற்றி வினவுவது முதற்பொருளில்தான் பொருந்தும். அதே அதிகாரத்தின் பிற்பகுதியிலோ அச்சொல் இரண்டாம் பொருளையே தருகிறது. இலத்தீன் மொழிபெயர்ப்பும் லூத்தரும் முதற்பொருளையே கொண்டனர். தமிழும் அவ்வழியே சென்றது. சிலேடை இறந்தது. வேறு வழியும் இல்லை போலும்.

சாலமோனின் மாணவரும் பர்மாவில் பயின்றவருமான ஜான் ரிச்சர்ட்சன் கார் நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாட்டை ஆக்கினார். 1950-இல் பேராயரான அவர் வாழ்நாளிலேயே, 1969-இல், முழு வேதாகமமும் வெளிவந்தது. தமிழும் பர்மியமும் மறுபிறவிக் கோட்பாட்டில் ஊறியவை. ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்த இம்மொழி பேசுவோரின் மரபுச் சமயத்தில் கர்மக் கோட்பாடு இல்லை. முன்னோர் எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சிறப்புச் செய்யும் விழாவே அங்குண்டு. ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் சுமந்த பழம்பொருட் சுமை ரிச்சர்ட்சனுக்கு இல்லை.

தமிழிலேயே 1995-இன் திருவிவிலியம் தீத்துவில் 'புதுப்பிறப்பு' எனவும் மத்தேயுவில் 'புதுப்படைப்பு' எனவும் பிரித்தது. இந்தி வேதாகமமும் 'புனர்ஜன்மம்' என்பதைத் தவிர்த்து 'நயா ஜன்மம்' என்றே கூறுகிறது. போர்ட் பிளேரில் தமிழ், இந்தி ஆகிய இருமொழி வேதாகமங்களையும் கையாளும் கிறித்தவர், ஒரே வசனத்தைத் தமிழில் 'மறு' என்றும் இந்தியில் 'புதிய' என்றும் கேட்கின்றனர்.