தலைமைத்துவக் கோட்பாடுகள்

நிறுவனங்களிலும் குழுக்களிலும் ஒருவரது தலைமை எதனால் பலன் தருகிறது, எதனால் தோற்கிறது என்பதை விளக்கும் கருத்துகள் தலைமைத்துவக் கோட்பாடுகள் எனப்படும். உளவியல், மேலாண்மையியல் ஆகிய இரு துறைகளிலும் இவை பாடமாக உள்ளன.

தொடக்ககாலச் சிந்தனையாளர்கள் தலைமையைப் பிறவிக்குணமாகவே கண்டனர். 1840இல் லண்டனில் தாமஸ் கார்லைல் ஆற்றிய சொற்பொழிவுகள், மாமனிதர்களே வரலாற்றை நடத்துகிறார்கள் என்ற எண்ணத்தைப் பரப்பின. மேதைமை பரம்பரையாக வருவது என்று 1869இல் பிரான்சிஸ் கால்டன் நூலெழுதி வாதிட்டார். பின்வந்தோர் உயரம், அறிவுக்கூர்மை, தன்னம்பிக்கை என்று தலைவர்களின் பண்புகளைப் பட்டியலிட்டார்கள். ஆனால் ஒருவர் பட்டியல் மற்றவருடையதோடு ஒத்துப்போகவில்லை. அதுவரை வெளிவந்த ஆய்வுகளை 1948இல் ஒருசேரப் பரிசீலித்த ரால்ஃப் ஸ்டாக்டில், சில பண்புகள் அமைந்துவிட்டதாலேயே ஒருவர் தலைவராகிவிடுவதில்லை, சூழலுக்கும் பங்குண்டு என்றார்.

அதற்கு முன்பே இத்துறையின் திசையை மாற்றிய சோதனை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து முடிந்திருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோருடன் இதை நடத்தினார். பத்து வயதுச் சிறுவர்கள் ஐந்து ஐந்து பேராகச் சங்கங்களில் சேர்க்கப்பட்டு, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளில் ஈடுபட்டனர். சில வாரங்களுக்கு ஒருமுறை தலைவரும் தலைமை முறையும் மாறும்.

எதேச்சாதிகாரத் தலைவர் ஒவ்வொரு படியாகத்தான் கட்டளையிடுவார்; அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது சிறுவர்களுக்குத் தெரியாது. யார் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பதும் அவர் முடிவுதான். ஜனநாயகத் தலைவரோ திட்டத்தைக் கூடிப் பேசி முடிவெடுக்க விடுவார். யோசனை கேட்டால் இரண்டு மூன்று வழிகளைச் சொல்லித் தேர்வை அவர்களிடமே விடுவார். மூன்றாவதான தலையிடாப் போக்கு தற்செயலாகப் பிறந்தது. ஜனநாயகத் தலைவராக நடந்துகொள்ள வேண்டிய ஒயிட் சிறுவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட்டார். லெவின் அவரைத் திருத்தவில்லை; அதையே தனி வகையாக்கிச் சோதனையில் சேர்த்துக்கொண்டார்.

தலைவர் அறையில் இருந்தபோது, எதேச்சாதிகாரத்துக்கு அடங்கிப்போன குழுக்கள் நேரத்தில் 74 விழுக்காட்டை வேலையில் செலவிட்டன. ஜனநாயகக் குழுக்கள் 50 விழுக்காட்டை. தலைவர் வெளியே போனதும் முதல் வகைக் குழுக்களின் அளவு 29க்கு விழுந்தது. ஜனநாயகக் குழுக்களில் அது 46ஆக நின்றது. ஆள் இல்லாதபோதும் வேலை நடக்கிறதா என்பதைத் தலைமைக்கு ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம். அந்த வகையில் இந்தச் சிறுவர் குழுக்களில் ஜனநாயக முறையே மேலாக நின்றது. இருபது சிறுவர்களில் 19 பேர் ஜனநாயகத் தலைவரையே விரும்பினர். எதேச்சாதிகாரத் தலைவரை விரும்பிய ஒரே சிறுவன் ராணுவ அதிகாரி ஒருவரின் மகன். ஆய்வு முடிவுகள் 1939இல் வெளியாயின.

பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைவரின் நடத்தையை வேலையை ஒழுங்குபடுத்துவது, உடனிருப்போர்மீது அக்கறை காட்டுவது என இரண்டாகப் பிரித்தனர். இவ்வகைப் பிரிவினையை ஒட்டி பிளேக்கும் மூட்டனும் 1964இல் 81 கட்டங்கள் கொண்ட வரைபடம் ஒன்றை அமைத்தனர். எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது என்று 1967இல் ஃபிரெட் ஃபீட்லர் வாதிட்டார்.

இந்தியாவிலிருந்து கிடைத்த முக்கியப் பங்களிப்பு பாட்னாவைச் சேர்ந்த ஜே.பி.பி. சின்ஹாவுடையது. இந்திய அலுவலகங்களில் ஊழியர் மேலதிகாரியிடம் பாசத்தையும் வழிகாட்டலையும் எதிர்பார்க்கிறார். நன்றாக வேலை செய்பவரை அரவணைத்து வளர்த்து, அவர் தேர்ச்சி பெற்றபின் முடிவெடுப்பதில் பங்கு தருவதே இங்கு பலன் தரும் என்று 1980இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். லெவின் சோதித்த ஜனநாயக முறைக்கு இது எதிரானதன்று, அதை நோக்கி ஊழியரை இட்டுச்செல்லும் பாதையே.

ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ் 1978இல் அரசியல் தலைவர்களை வைத்து முன்வைத்த உருமாற்றத் தலைமைக் கருத்தை 1985இல் பெர்னார்ட் பாஸ் நிறுவனங்களுக்கு விரிவாக்கினார். அண்மைக் காலத்தில் ஏமி எட்மண்ட்சன் ஆராய்ந்த, தவற்றை அச்சமின்றிச் சொல்ல இடம்தரும் குழுச் சூழல், இணையவழிக் குழுக்களின் தலைமை ஆகியவை கவனம் பெற்றுள்ளன.