பெயரில் இல்லாத எலி: இந்தியப் பிளேக் வரலாற்றில் கழிவும் சொல்லும்

இந்தியாவில் 1896 முதல் பரவிய பிளேக் நோயைப் பற்றி மருத்துவ நோக்கிலும் ஆட்சி நோக்கிலும் பலர் எழுதியுள்ளனர். அந்நோய்க்கு வழங்கிய பெயர்களும் ஒருவகை வரலாற்றுச் சான்றுகளே. கழிவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மக்களும் அரசும் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை அவற்றைக் கொண்டு ஓரளவு அறியலாம். இக்கட்டுரை அம்முயற்சியில் இறங்குகிறது.

'பிளேக்' என்பது 'அடி' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உருதுவிலும் இந்தியிலும் வழங்கும் 'தாஊன்' அரபு மொழிக்குரியது; அதன் வேர் 'குத்துதல்' என்னும் பொருளது. குசராத்தியில் 'காண்டியோ தாவ்' என்பர்; 'கட்டிக் காய்ச்சல்' என்பது நேர்பொருள். தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறிகட்டுவதால் எழுந்த பெயர் அது. தமிழில் 'கொள்ளைநோய்', 'பெருவாரி நோய்' என்பன இறப்பின் மிகுதியைச் சுட்டுவன. 'மகாமாரி' தெய்வத்தை நினைவூட்டும். ஆக, நோய் தாக்கும் விதம், உடலில் தோன்றும் குறி, சாவின் அளவு, தெய்வச் சினம் ஆகியவை பெயர்களில் இடம்பெற்றுள்ளன. எலியும் குப்பையும் இடம்பெறவில்லை.

இதனைக் கொண்டு மக்கள் எலியை அறியாதிருந்தனர் என்று முடிவு செய்தல் பிழையாகும். குமாவோன், கட்வால் மலைப்பகுதிகளில் 1896-க்குப் பல்லாண்டுகள் முன்பே 'மகாமாரி' என்ற பெயரில் இந்நோய் கண்டுவந்தது. வீட்டில் எலிகள் செத்து விழக் கண்டவுடன் ஊரைக் காலிசெய்து வெளியேறுவது அங்குள்ளோர் வழக்கம். ஆங்கில அதிகாரிகளின் 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளிலேயே இது பதிவாகியுள்ளது. பெயரில் ஏறாத அறிவு பழக்கத்தில் நிலைத்திருந்தது. மொழிநூலார் சொல்லை மட்டும் நம்பி ஒரு சமூகத்தின் அறிவை அளவிட முற்படும்போது இத்தகைய இடங்களில் இடறுவதுண்டு.

பம்பாயில் 1896 செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் இந்நோயை முதலில் இனங்கண்டவர் மருத்துவர் அக்காசியோ காப்ரியேல் வியேகாஸ். மாண்டவி, துறைமுகத்தை ஒட்டித் தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. நோய்க்கிருமியை அலெக்சாந்தர் எர்சின் 1894-இலேயே ஆங்காங்கில் கண்டறிந்திருந்தார். ஆயினும் நகராட்சியின் நடைமுறையில் பழைய கொள்கையே ஆட்சி செலுத்தியது. அழுகும் பொருளிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்பது அக்கொள்கை. ('மலேரியா' என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' எனப் பொருள்படும். கொள்கை மறைந்தும் சொல் வாழ்கிறது.) எனவே சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ச்சப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, வெளிச்சம் புகுவதற்காகக் கூரைகள் பிரிக்கப்பட்டன. நாற்றம் குறைந்திருக்கலாம், நோய் குறையவில்லை. சாக்கடையில் வாழ்ந்த எலிகள் அமிலத்திற்கு அஞ்சி வீடுகளுக்குள் ஏறின என்றும், தூய்மைப் பணியே நோயைப் புதிய தெருக்களுக்குக் கொண்டுசென்றது என்றும் பிற்காலத்தார் கருதுவர்.

1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. வீடுவீடாகச் சோதனை, கட்டாயப் பிரிப்பு முகாம் ஆகியவை மக்களிடையே நோயினும் மிகுந்த அச்சத்தை விளைவித்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டது இதன் உச்சம். 1891-இல் 8,21,764 ஆக இருந்த பம்பாய் நகர மக்கள்தொகை 1901-இல் 7,76,006 ஆகக் குறைந்தது.

நோய் பரவும் வழியை 1898-இல் கராச்சியில் விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். நோயுற்ற எலியையும் நலமான எலியையும் ஒன்றையொன்று தீண்டாதவாறு வலைத்தடுப்பின் இருபுறமும் வைத்தார். தெள்ளு தடுப்பைக் கடந்தது. நலமான எலியும் இறந்தது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் அதனை விட்டு நீங்கி வேறு உயிரை நாடுகின்றன. அண்மையில் மனிதன் இருந்தால் மனிதனைக் கடிக்கின்றன. எலி, நோயைப் 'பரப்பும்' பகையாக மட்டும் இங்கு நிற்கவில்லை. முதலில் நோயுற்று மடிவதும் அதுவே. கழிவும் சிந்திய தானியமும் எலியைப் பெருக்குகின்றன. பெருகிய எலிக்கூட்டத்தில் கிருமி பரவுகிறது. கூட்டம் மடிந்தபின் மனிதன் இறக்கிறான். விலங்கின் நலக்கேடு மனிதனின் நலக்கேட்டிற்குச் சில நாட்கள் முன்னரே வீட்டுத் தரையில் தெரிகிறது. குமாவோன் மக்கள் கண்டு நடந்த குறி இதுவே.

சிமோனின் முடிவை அன்றைய பிளேக் ஆணையம் ஏற்கவில்லை. 1905-இல் தொடங்கிய ஆய்வுக்குழு, பம்பாயில் கினிப்பன்றிகளைக் கொண்டு செய்த சோதனைகளால் அதனை உறுதிப்படுத்தியது. தெள்ளு தாவி எட்டாத உயரத்தில் தொங்கவிடப்பட்ட கூண்டுகளிலிருந்த கினிப்பன்றிகள் பிழைத்தன. தரையில் விடப்பட்டவை மாண்டன. இருந்த காற்று இரண்டிற்கும் ஒன்றே.

ஈண்டு ஒரு சொல் பற்றிக் குறிப்பிடல் வேண்டும். தமிழில் இப்பூச்சிக்குத் 'தெள்ளு' என்னும் பழஞ்சொல் உண்டு. இக்காலச் செய்திகளிலும் சில பாடநூல்களிலும் 'எலி உண்ணி' என்று எழுதுகின்றனர். உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணி தோலைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் கிடக்கும்; தெள்ளு தாவும். தாவும் இயல்பே பிளேக் பரவலின் உயிர்நாடி. சொல் மாறும்போது பொருளின் செயலும் மறைந்துபோகிறது. இது கலைச்சொல் ஆக்குவோர் கருத வேண்டியது.

1898-இல் நோய் பெங்களூரை அடைந்தது. நெருக்கமான பேட்டைப் பகுதியை விட்டுப் புதிய குடியிருப்புகளை நோக்கி மக்கள் பெயர்ந்தனர். பசவனகுடியும் மல்லேசுவரமும் இவ்வாறு வளர்ந்தவை. அந்நகரில் 'பிளேக் மாரம்மா' கோயில் எழுந்தது. கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில் உண்டு. ஆங்கில நோய்ப்பெயர் தாய்த்தெய்வத்தின் பெயருக்கு அடையாகி நிற்கும் இத்தொடரை மொழிக்கலப்பு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. மாரியின் ஆட்சிக்குட்பட்ட பழைய நோய்களிலிருந்து இது வேறு என்பதனை மக்கள் உணர்ந்திருந்தனர். ஆகலின் பெயரை மாற்றாது அப்படியே சேர்த்துக்கொண்டனர்.

1994-இல் இவ்வரலாறு மீண்டது. 1993 செப்டம்பர் நிலநடுக்கத்திற்குப் பின் மராட்டியத்தில் கைவிடப்பட்ட வீடுகளில் தானியம் கிடந்து எலி பெருகியது நோய்க்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. மறு ஆண்டு பீட் மாவட்டத்து மாம்லா என்னும் சிற்றூரில் தெள்ளுத் தொல்லையையும் எலிச்சாவையும் முதலில் கண்டு முறையிட்டோர் ஊர்மக்களே. செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் தோன்றியது. இவ்வகை இருமல் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகப் பரவும். மழைவெள்ளம் வடிந்த தெருக்களில் குப்பையும் விலங்குப் பிணங்களும் அகற்றப்படாது கிடந்தன. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில லட்சம் பேர் நகரை நீங்கினர். 1995-இல் ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ராவ் காலத்தில் அந்நகரின் குப்பை அகற்றும் முறை அடியோடு மாற்றப்பட்டது.

எலியைப் பெயரிலேயே கொண்ட நோயும் இப்போது தமிழில் உண்டு. லெப்டோஸ்பைரோசிசை 'எலிக்காய்ச்சல்' என்கிறோம். 2005 ஜூலை வெள்ளத்திற்குப் பின் மும்பையில் இது பரவியது. பெயர் எலியைக் காட்டுகிறது. ஆனால் தேங்கிய நீரைக் காட்டவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரில் புண்பட்ட காலுடன் நடப்பவர்க்கு நோய் பற்றுகிறது. மாடு, பன்றி, நாய் ஆகியவையும் இதற்கு ஆட்பட்டுத் தம் சிறுநீரில் கிருமியை வெளியிடுகின்றன. சினைப்பசுவிற்குக் கருச்சிதைவு ஏற்படுகிறது. எலியை ஒழித்தால் போதும் என்று எண்ணி வடிகாலை விட்டுவிடுவதற்கு இப்பெயரும் இடந்தருகிறது. ஒரே தொழுவத்தில் அடுத்தடுத்துப் பசுக்கள் கன்றை இழப்பதைக் காணும் உழவர், தம் காய்ச்சலோடு அதனைச் சேர்த்துப் பார்ப்பதற்கு அச்சொல்லில் யாதொரு குறிப்பும் இல்லை.