ஆசிரியர்களே ஆண்ட கல்விக்கூடம்: ஜாமிஆ மில்லிய்யாவின் இருபது ஆண்டுகள்

ஒரு சமுதாயம் தன் பொருளைக் கொண்டு எழுப்பும் கல்விக்கூடத்தை ஆளும் உரிமை யாருக்கு உண்டு? நிலமும் நிதியும் கொடுத்தவர்களுக்கா, அவர்களின் வாரிசுகளுக்கா, பொதுமக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாக சபைக்கா, அன்றாடம் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கா? இக்கேள்வி புதிதன்று. மத்ரஸா என்னும் அமைப்பு தோன்றிய நாள் முதலே இதுவும் உடன் வந்திருக்கிறது. இதற்கு நம் முன்னோர் கண்ட விடைகளுள் ஒன்று, 1928ஆம் ஆண்டு தில்லியில் நடந்த ஒரு பரிசோதனை. அதன் வரலாறு நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை. அதனை விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

வக்ஃபும் முதர்ரிஸும்

ஹிஜ்ரி 459இல், அதாவது 1067இல், பக்தாதில் நிஸாமிய்யா மத்ரஸா திறக்கப்பட்டது. அதனை நிறுவிய ஸல்ஜூக் அமைச்சர் நிஸாமுல் முல்க், ஆசிரியரை நியமிக்கும் உரிமையையும் நீக்கும் உரிமையையும் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் உரியதாக வைத்துக்கொண்டார். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை மார்க்கத்துக்கு முரணாகாத வரையில் மீறத்தகாதது என்பது ஃபிக்ஹு நூல்களில் நிலைபெற்ற விதி. எனவே இதில் சட்டக் குறை எதுவும் காணப்படவில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டில் முதர்ரிஸ் என்பவர் மதிப்புக்குரிய ஊழியராக இருந்தாரேயன்றி, கல்விக்கூடத்தின் பொறுப்பாளராக இருக்கவில்லை.

முதல் ஆசிரியராக அழைக்கப்பட்ட இமாம் அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸி (ரஹ்), திறப்பு நாளன்று பாடம் நடத்த வரவில்லை. மத்ரஸாவுக்காகப் பிறர் உடைமை முறையின்றிக் கைப்பற்றப்பட்டது என்று அவர் செவியுற்றதே காரணம். அவருடைய இடத்தில் இப்னுஸ் ஸப்பாஃக் (ரஹ்) இருபது நாட்கள் பாடம் நடத்தினார். பின்னரே ஷீராஸி இணங்கி வந்தார். 1091இல் அதே இருக்கைக்கு நியமிக்கப்பட்ட இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் அதனைத் துறந்து வெளியேறினார். காரணங்கள் வேறாயினும் இரு நிகழ்ச்சிகளும் ஒன்றைக் காட்டுகின்றன: அக்கால ஆசிரியரிடம் இருந்த அதிகாரம், வர மறுப்பதும் விலகிச் செல்வதுமே. உள்ளே அமர்ந்து முடிவெடுக்கும் இடம் அவருக்கு ஒதுக்கப்படவில்லை.

இந்தியாவில் 1866இல் தோன்றிய தேவ்பந்து தாருல் உலூம் இதில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. மன்னரின் மானியமும் பெரும் வக்ஃபு நிலமும் இன்றிப் பொதுமக்களின் சிறு நன்கொடைகளால் நடந்த மத்ரஸா அது. மௌலானா முஹம்மத் காஸிம் நானோத்வி (ரஹ்) வகுத்த எட்டு நெறிகள் ஆலோசனையை அதன் உயிர்நாடியாக்கின. ஆலோசகர் எவரும் தம் கருத்தையே பிடிவாதமாக நிலைநாட்டக் கூடாது, முஹ்தமிம் கலந்தாலோசித்தே செயல்பட வேண்டும், ஆசிரியர்கள் தமக்குள் இணக்கமுடையவர்களாக இருக்க வேண்டும், அரசின் பங்கும் செல்வந்தரின் பங்கும் கேடு விளைவிக்கும் என்பன அவற்றின் சாரம். நிர்வாகத்தை முஹ்தமிமும் கல்வியை ஸத்ர் முதர்ரிஸும் கவனிக்கும் பிரிவினையும் அங்கே உருவாயிற்று.

அலீகரின் அனுபவம்

அதே காலத்தில் அலீகரில் ஸர் ஸையித் அஹ்மத் கான் உருவாக்கிய முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி வேறு வழியில் சென்றது. 1889இல் அவர் கொண்டுவந்த அறங்காவலர் விதிகள், அதிகாரத்தை அறங்காவலர் சபையிடமும் அதன் செயலாளரிடமும் குவித்தன. தம் மகன் ஸையித் மஹ்மூதை இணைச் செயலாளராகவும் தமக்குப் பின் பொறுப்பேற்பவராகவும் அவர் முன்மொழிந்தபோது, நெடுநாள் தோழரான மௌலவி ஸமீஉல்லாஹ் கான் எதிர்த்து விலகினார். அந்தத் தகராறில் ஐரோப்பிய ஆசிரியர்கள் ஸையித் மஹ்மூதின் பக்கம் நின்றனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அலீகரில் ஆசிரியர்களுக்குச் செல்வாக்கு இல்லாமலில்லை. ஆனால் அது ஐரோப்பிய முதல்வருக்கும் அவருடைய சகாக்களுக்கும் இருந்த செல்வாக்கு. அதன் வேர் ஆசிரியப் பணியில் இல்லை. ஆட்சியாளரின் ஆதரவில் இருந்தது. 1907இல் மாணவர் வேலைநிறுத்தம் வெடித்தது. 1909இல் முதல்வர் ஆர்ச்போல்டுக்கும் செயலாளர் நவாப் விகாருல் முல்குக்கும் இடையே அதிகார எல்லை பற்றிய மோதல் முற்றியது. மாகாண லெப்டினன்ட் கவர்னர் முதல்வரின் பக்கம் சாய, அறங்காவலர்கள் உறுதியாக நின்று எதிர்க்க, இறுதியில் முதல்வர் பதவி விலகினார். ஆசிரியரின் அதிகாரம் சமுதாயத்துக்குப் பொறுப்புச் சொல்லாத அதிகாரமாக இருந்தால், அதுவும் நன்மை தராது என்பது இதன் பாடம்.

பிறப்பும் நெருக்கடியும்

கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் உச்சத்தில் இருந்தபோது, 1920 அக்டோபர் 29ஆம் நாள் அலீகரிலேயே ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தொடங்கப்பட்டது. மால்ட்டா சிறையிலிருந்து அவ்வாண்டுதான் மீண்டிருந்த ஷைகுல் ஹிந்து மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) தம் நோயையும் பொருட்படுத்தாது அதனைத் தொடங்கி வைத்தார். அடுத்த மாதமே அவர் வஃபாத்தானார். ஹகீம் அஜ்மல் கான் முதல் அமீரே ஜாமிஆவாகவும், மௌலானா முஹம்மத் அலீ முதல் ஷைகுல் ஜாமிஆவாகவும் பொறுப்பேற்றனர். அரசு மானியத்தை ஏற்பதில்லை என்பது அதன் பிறப்போடு வந்த கொள்கை. செலவைக் கிலாஃபத் நிதி தாங்கிற்று.

1924இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டதும் அந்த நிதியின் ஊற்று வற்றியது. ஒத்துழையாமை இயக்கம் அதற்கு முன்பே, 1922இல், நிறுத்தப்பட்டிருந்தது. ஜாமிஆவை மூடிவிடலாம் என்ற எண்ணம் தலைவர்கள் சிலரிடையே எழுந்தது. ஹகீம் அஜ்மல் கான் அதனை ஏற்கவில்லை. 1925இல் ஜாமிஆ தில்லி கரோல்பாகுக்கு மாற்றப்பட்டது. செலவின் பெரும்பகுதியை அவர் தம் சொந்தப் பொறுப்பில் சுமந்தார்.

ஜெர்மனியில் உயர்கல்வி பயின்றுகொண்டிருந்த ஸாகிர் ஹுஸைன், ஆபித் ஹுஸைன், முஹம்மத் முஜீப் ஆகிய மூவரும் ஜாமிஆவுக்கே தம் வாழ்வை அளிக்க முன்வந்து, 1926 பிப்ரவரியில் தில்லி வந்து சேர்ந்தனர். ஷைகுல் ஜாமிஆ பொறுப்பை ஏற்றபோது ஸாகிர் ஹுஸைனின் வயது 29. மற்ற இருவருக்கும் தலா 300 ரூபாய் மாதச் சம்பளம் என்று நிச்சயிக்கப்பட்டிருந்தது. நிதிநிலையை அறிந்ததும் அவர்கள் அதனை 100 ரூபாயாகக் குறைத்துக்கொண்டனர். 100 ரூபாய் பெறவேண்டிய ஸாகிர் ஹுஸைன் 80 ரூபாயாகக் குறைத்துக்கொண்டார்.

1927 டிசம்பர் இறுதியில் ஹகீம் அஜ்மல் கான் காலமானார். ஒற்றை மனிதரின் தோளில் நின்ற கல்விக்கூடம் அந்தத் தோள் சாய்ந்ததும் என்ன ஆகுமோ அந்த நிலை ஜாமிஆவுக்கு வந்தது.

அஞ்சுமனே தஅலீமே மில்லி

1928இல் ஆசிரியர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் இருபது ஆண்டுகள் ஜாமிஆவுக்கு உழைப்பதாக அவர்கள் உறுதிமொழி அளித்தனர். அவ்வாறு உறுதியளித்தவர்களே ஆயுள் உறுப்பினர்கள். அவர்களின் மன்றமே அஞ்சுமனே தஅலீமே மில்லி. இயக்கத் தலைவர்களின் கையிலிருந்த நிர்வாகப் பொறுப்பு இம்மன்றத்தின் கைக்கு வந்தது. டாக்டர் எம். ஏ. அன்ஸாரி அமீரே ஜாமிஆவாக இருந்து பரிவோடு துணை நின்றார்.

இம்மாற்றத்தின் உட்பொருள் ஆழமானது. ஆசிரியர்கள் இங்கே சபையில் இரண்டு இடம் கேட்கவில்லை. கல்விக்கூடத்தின் கடனையும் பற்றாக்குறையையும் பசியையும் தமதாக்கிக்கொண்டனர்; அதன் பின்பே அதன் நிர்வாகமும் அவர்களுடையதாயிற்று. உரிமையை முதலில் பெற்றுப் பொறுப்பைப் பின்னர் ஏற்கும் வழக்கமான வரிசை இங்கே தலைகீழாயிற்று. ஷூரா என்னும் கலந்தாலோசனையை இறைநம்பிக்கையாளரின் இயல்புகளுள் ஒன்றாகத் திருமறையின் 42ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம் தொழுகையோடும், இறைவன் அளித்ததிலிருந்து செலவிடுவதோடும் இணைத்துக் கூறுகிறது. ஆலோசனையும் ஈகையும் ஒரே வசனத்தில் அமைந்திருப்பதன் கருத்தை இவ்வரலாற்றில் நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

இதன் விளைவுகள் யாவை? சில தலைவர்களின் பெருங்கொடைக்குக் காத்திருப்பதை விடுத்து, ஹம்தர்தானே ஜாமிஆ என்னும் அமைப்பின் வழியே எளிய மக்களிடம் சிறு தொகைகள் திரட்டப்பட்டன. ஷஃபீகுர் ரஹ்மான் கித்வாயீயின் உழைப்பு இதில் பெரிது. பாடமுறையைத் தீர்மானித்தவர்கள் அதனை நடத்தியவர்களே ஆதலின் துணிந்து புதியன செய்ய முடிந்தது. தொடக்கப் பள்ளியில் செயல்திட்ட முறை புகுத்தப்பட்டது. மாணவர்கள் தாமே நடத்திய வங்கியும் கடையும் பாடத்தின் பகுதிகளாயின. 1935 மார்ச் 1ஆம் நாள் ஓக்லாவில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அதனை நாட்டியவர் அமைச்சருமல்லர், செல்வந்தருமல்லர். ஜாமிஆவின் மிக இளைய மாணவரே. 1938இல் ஆசிரியர் பயிற்சிக்கூடமும், முதியோர் கல்விக்கான இதாரா தஅலீமோ தரக்கீயும் தோன்றின. 1939இல் மன்றம் சங்கமாக முறைப்படி பதிவு செய்யப்பட்டது. 1942இல் மற்றோர் ஆசிரியர் குழுவினரும் அதே போன்ற உறுதிமொழியை ஏற்றனர்.

விலை

இப்பரிசோதனையைப் புகழ்வதோடு நின்றுவிடுவது வரலாற்றுக்கு நீதியாகாது. அதற்கு ஒரு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்லர். அவர்களுடைய மனைவி மக்களும் ஆவர். குறைத்து நிச்சயித்த ஊதியமும் உரிய காலத்தில் வராத மாதங்கள் இருந்தன. உறுதிமொழியில் கையெழுத்திடாத குடும்பத்தார் அதன் சுமையைப் பகிர்ந்துகொண்டனர். இந்தத் தியாகத்தைக் காட்டி, இன்று ஆசிரியருக்கு உரிய கூலியை மறுக்க எவரேனும் முனைவாராயின் அது பெரும் அநீதியாகும். ஜாமிஆவின் ஆசிரியர்கள் தம் ஊதியத்தைத் தாமே குறைத்தனர், நிர்வாகம் குறைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஸதகாவுக்கும் அபகரிப்புக்கும் உள்ள வேறுபாடாகும்.

மற்றொரு குறையும் உண்டு. ஆயுள் உறுப்பினர் என்ற அமைப்பு, உறுதியளித்தவர் அளிக்காதவர் என இரு தரத்தினரை ஒரே வளாகத்தில் உண்டாக்கும் தன்மையது. ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவில் இது பாரமாகத் தோன்றாது. நிறுவனம் வளரும்போது தோன்றும். உறுதிமொழியின் இருபது ஆண்டுகள் நிறைவுற்ற 1948இல் ஸாகிர் ஹுஸைன் அலீகர் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். முஜீப் ஜாமிஆவின் பொறுப்பை ஏற்று 1973 வரை வகித்தார். 1962இல் ஜாமிஆ நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1988இல் நாடாளுமன்றச் சட்டத்தால் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. அச்சட்டத்தில் அஞ்சுமன், மஜ்லிஸே முன்தஸிமா, மஜ்லிஸே தஅலீமி என்னும் பழைய மணமுள்ள பெயர்கள் பேரவைக்கும் ஆட்சிக்குழுவுக்கும் கல்விக்குழுவுக்கும் சூட்டப்பட்டன. ஊதியத்துக்கு உறுதி கிடைத்தது. ஆனால் ஆசிரியர்களே முழுப்பொறுப்பையும் தாங்கிய பழைய ஏற்பாடு முடிவுற்றது.

நமக்குரிய சிந்தனை

இனி நம் கேள்விக்குத் திரும்புவோம். 1974இல் அஹ்மதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. கல்லூரி ஆட்சிக்குழுவில் ஆசிரியர் பிரதிநிதிகள் முதலானோர் இடம்பெற வேண்டும் என்று குஜராத் பல்கலைக்கழகச் சட்டம் விதித்திருந்தது. அவ்விதி சிறுபான்மையினர் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நம் கல்விக்கூடங்களின் தன்னுரிமைக்கு அரணான தீர்ப்பு இது. ஆயின் அதன் மறுபக்கத்தையும் உணர வேண்டும். சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாத இடத்தில், அமானிதம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. பிறர் கைநீட்டாதபடி காக்கப்பட்ட உரிமையை நாம் நம் ஆசிரியர்களின் குரலை அடக்கப் பயன்படுத்தினால், அந்த அரண் யாருக்காக எழுப்பப்பட்டது என்ற வினா எழும்.

பொருளுக்குக் கணக்குச் சொல்ல முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் வேண்டும். வணிக அனுபவமும் ஊராரின் நம்பிக்கையும் அவர்களிடம் உள்ளன. கட்டடமும் நிதியும் அவர்களின் உழைப்பால் நிற்பவை. எந்தக் கிதாபை எந்த ஆண்டில் ஓதிக் கொடுப்பது, தேர்வில் எவர் தேறினார், புதிய ஆசிரியராக எவர் தகுதியுடையவர் என்பன போன்றவற்றில் முடிவு கற்பிப்போரிடம் இருக்க வேண்டும். வரவு செலவு அறிக்கை ஆசிரியர்களின் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். நிலையை அறிந்தவர்களே அதனைச் சுமக்க முன்வருவர். ஆசிரியர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. சபையில் அமர விரும்புவோர் பாட நேரம் முடிந்ததும் தம் பொறுப்பு முடிந்ததெனக் கருதலாகாது. சமுதாயத்துக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும்.

1928இல் தில்லி ஆசிரியர்களின் முன் இருந்த நிதியறிக்கை ஆறுதல் தரத்தக்கதாக இருந்ததில்லை. அதனைப் படித்தறிந்த பின்னரே அவர்கள் கையெழுத்திட்டனர்.