நெருப்பில் மலரும் நீலம்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் வெண்பீங்கான் கிண்ணம் ஒன்று உண்டு. அதன்மேல் மூங்கில் இலைகள் சில நீலத்தால் எழுதப்பட்டுள்ளன. அந்நீலம் வந்த வழியைச் சிறிது காண்போம்.

பீங்கான் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. கோபால்ட் என்னும் நீலக் கனிமத்தையும் பாரசீகத்திலிருந்தே பெற்று, 14-ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தெஜென் நகரக் குயவர் தம் கலங்களில் எழுதினர். ஜப்பானுக்கு அக்கலை சென்ற கதை துயரமானது. 1592 முதல் 1598 வரை கொரியாவின்மீது ஜப்பானியர் தொடுத்த போர்களில் குயவர் பலர் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களாலேயே 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரித்தா என்னும் ஊரில் ஜப்பானின் முதற்பீங்கான் உருவாயிற்று. யீ சாம்பியோங் என்னும் கொரியரே அங்கு வெண்பாறை மண்ணைக் கண்டறிந்தார் என்பது மரபு. சீனாவில் 1644-இல் மிங் ஆட்சி வீழ்ந்து வாணிகம் குலைந்தபின், டச்சுக் கம்பெனியார் அரித்தாவை நாடினர்; 1659-இல் பல்லாயிரம் கலங்கள் செய்து தரக் கேட்டனர். பெயர்த்து நடப்பட்டவர்களின் கைத்திறன் அந்நாட்டின் பெருமையாகிவிட்டது!

இத்தொழிலின் நுட்பம் வியப்பிற்குரியது. ஒருமுறை சுட்ட கலத்தின்மேல் கோபால்ட் குழம்பைத் தூரிகையால் எழுதுங்கால் அது சாம்பல் கலந்த கருமையாகவே தோன்றும். மேலே பளிங்குப் பூச்சிட்டால் எழுதியதும் மறைந்துவிடும். ஏறத்தாழ 1300 பாகை வெம்மையில் வெந்து, உலை ஆறித் திறக்கும்போதுதான் நீலம் மலர்ந்து நிற்கும். பிற வண்ணங்கள் பல அவ்வெம்மையில் அழிந்துபோகும், கோபால்ட் தாங்கும். எழுதுபவன் தன் நீலத்தைக் காணாமலே எழுதுகின்றான்.

இந்நூற்றாண்டுகால மரபில் ஒரு சோர்வும் வந்தது. பழைய சித்திரத்தைப் பார்த்தே புதியதை எழுதலாயினர். அதனை மறுத்தவர் தோமிமோத்தோ கென்கிச்சி (1886–1963). இலண்டனில் பயின்று, இந்தியாவையும் கண்டு, நாடு திரும்பிய இவர், ஒரு கோலத்திலிருந்து மற்றொரு கோலத்தைச் செய்யலாகாது என்று தமக்கே விதித்துக்கொண்டார். வயலோர முட்செடியையும் மூங்கிலையும் நேரிற் பார்த்து வரைந்து, அவற்றையே கலங்களில் எழுதினார். எங்கள் கிண்ணத்தின் மூங்கிலோ, பார்த்து எழுதியதன்று என்பது என் துணிபு. ஓர் இலையும் காற்றில் அசைந்ததாகத் தெரியவில்லை.

தோமிமோத்தோ, ஹமாதா, ஆங்கிலேயரான பெர்னார்டு லீச் ஆகியோருடன் பழகிய இந்தியர் ஒருவர் உண்டு. அவர் சர்தார் குருசரண் சிங். 1919-இல் மட்கலத் தொழில் கற்க ஜப்பான் சென்ற அவர், 1922-இல் திரும்பினார். ஆயினும் ஜப்பானியக் கலங்களைத் தில்லியில் படியெடுக்க அவர் முனையவில்லை. பட்டாணியக் குயவர் மரபினரான அப்துல்லாவிடம் தில்லிக்கே உரிய பழைய நீலப் பூச்சின் பக்குவத்தை அவர் முன்பே கற்றிருந்தார். 1952-இல் அவர் தொடங்கிய கூடத்திற்கும் 'தில்லி நீல மட்கலம்' என்றே பெயர். 1995-இல் மறையும்வரை அந்நீலத்தை அவர் விட்டாரில்லை.

தமிழ் வழங்கும் நிலத்திலும் இதற்கொரு தொடர்ச்சி உண்டு. ஜப்பானின் பிஜென் ஊரில் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் ஓர் உலை அமைத்தார். பொன்பாலம் என்று பொருள்படும் பெயருடைய அக்கூடத்தில் பயின்று வெளிவந்தவர்கள் இன்று நாட்டின் பல ஊர்களில் தத்தம் சக்கரங்களைச் சுழற்றுகின்றனர்.