கர்கதன்: செவிவழிச் செய்தியும் கண்கண்ட சாட்சியும்

அரபு நூல்களில் காணப்படும் ‘அஜாயிப்’ எனும் விந்தைச் செய்திகளை, முன்னோர் எழுதியது என்பதற்காகவே முழுவதும் நம்புவோர் உண்டு. வெறும் கட்டுக்கதை என்று முழுவதும் தள்ளுவோரும் உண்டு. ‘கர்கதன்’ எனும் ஒற்றைக்கொம்பு விலங்கைப் பற்றிய குறிப்புகள் இவ்விரு போக்குகளையும் மறுக்கின்றன.

தாயின் கருவிலிருந்தே குட்டி தலையை வெளியே நீட்டி மேய்ந்துவிட்டு மீண்டும் உள்ளே சென்றுவிடும் என்றொரு செய்தி வழங்கிவந்தது. ஹிஜ்ரி 255இல் மறைந்த பேரறிஞர் அல்-ஜாஹிளின் ‘கிதாபுல் ஹயவான்’ நூலிலும் அது இடம்பெற்றது. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த அல்-மஸ்ஊதீ, ஜாஹிளின் பெயருக்காக அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்தியா சென்றுவந்த ஸீராஃப், உமான் பகுதியினரிடமும், இந்தியாவில் தாம் சந்தித்த வணிகரிடமும் விசாரித்தார். அவர்களோ வியப்படைந்து, பசுவையும் எருமையையும் போன்றே அதுவும் ஈனுகிறது என்றனர். இவ்விசாரணையை அவர் ‘முரூஜுத் தஹப்’ நூலில் பதிந்துள்ளார்.

கி.பி. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, இவ்விலங்கை ‘கண்டா’ என்றே குறிக்கிறார். நமது ‘காண்டாமிருகம்’ எனும் சொல்லும் அதே வடமொழி வேரிலிருந்து வந்ததே. எருமை போன்ற உடல், செதிலுடைய கருந்தோல், ஒவ்வொரு காலிலும் மூன்று குளம்புகள், மூக்கின் மேல் வளைந்த ஒற்றைக் கொம்பு என அவர் தரும் வருணனையில் மாயம் ஏதுமில்லை. இளம் விலங்கொன்று யானையைத் தாக்கி, முன்காலைக் காயப்படுத்தி வீழ்த்தியதைத் தாமே கண்டதாகவும் கூறுகிறார். ஆப்பிரிக்காவின் ஸுஃபாலா சென்றுவந்த ஒருவர், அங்குள்ள விலங்குக்கு இரு கொம்புகள் உண்டென்று கூறியதையும் அவர் விட்டுவிடவில்லை. இந்தியக் காண்டாமிருகத்துக்கு ஒரு கொம்பு, ஆப்பிரிக்க இனங்களுக்கு இரண்டு என்பதே இன்றைய விலங்கியலின் முடிவும் ஆகும்.

கண்டவர் கூற்றிலும் மிகை புகுவதுண்டு. 1333இல் சிந்து நதியைக் கடந்த இப்னு பதூதா இவ்விலங்கை நேரில் கண்டார். ஆயினும் கொம்பின் நீளம் மூன்று முழம் என எழுதினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு சாணுக்குச் சற்று மிகுதி என்றும், இரு சாண் கொம்பைக் கண்டதில்லை என்றும் குறித்தார். யானையையே கொம்பில் தூக்கிவிடும் என்ற பரவலான நம்பிக்கையையும் அவர் ஐயுற்றார்.

ஆகவே, கர்கதன் கற்பனைப் பிராணியன்று. அஸ்ஸாமின் காசிரங்காவில் மட்டும் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. கற்பனையாக இருந்தவை, கேள்விப்பட்டோர் அதன்மீது ஏற்றிய செய்திகளே. அவற்றைக் களைந்தவர்களும் அதே மரபில் வந்த அறிஞர்கள்தாம். கேள்விப்படுவது காண்பதற்கு ஈடாகாது என்ற கருத்தோடு தம் இந்திய நூலைத் தொடங்கும் பிரூனி, காட்சிக்கு எட்டாத காலத்தையும் இடத்தையும் அறியச் செய்தியே துணை என்பதையும் உடனே நினைவூட்டுகிறார். பழைய நூல்களை இன்று நாம் அணுக வேண்டிய முறையும் அதுவே: செய்தியைத் தள்ளிவிடாமல், சொன்னவர் கண்டவரா கேட்டவரா என்று வினவுதல்.