கையெழுத்துக்கு அப்பால்: முதியோர் வகுப்பும் இலக்கியமும்



மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவதற்காக நாம் இங்கே கூடவில்லை. அவர் விட்டுச்சென்ற வேலைகளில் ஒன்றைக் கையிலெடுத்துப் பேசுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அதனால் இன்று ஒரே ஒரு கேள்வியை முன்வைக்கிறோம். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலை வகுப்புக்கு வரும் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு, ஒரு சித்தாளுக்கு, நாற்று நட்டுத் திரும்பிய ஒரு பெண்ணுக்குப் புறநானூறும் ‘கருக்கு’ம் எதற்கு?

இந்தக் கேள்வியை இரண்டு தரப்பார் கேட்கிறார்கள். முதல் தரப்பு அதிகாரிகள். கையெழுத்துப் போடவும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கவும் தெரிந்தால் போதாதா என்பது அவர்கள் கணக்கு. இரண்டாவது தரப்பு நம் தோழர்களே. கூலிப் போராட்டமும் பஞ்சமி நில மீட்பும் வன்கொடுமை வழக்குகளும் காத்திருக்கும்போது இலக்கிய வகுப்பு ஆடம்பரம் இல்லையா என்கிறார்கள். முதல் தரப்புக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவது தரப்புக்கு வரலாற்றைக் கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 10.27 விழுக்காடு. பெண்களை மட்டும் எடுத்தால் 3.29. 2011இல் இவை முறையே 66.07, 56.46 என உயர்ந்தன. ஐம்பது ஆண்டுகளில் இது பெரிய நகர்வு. ஆனாலும் 2011இல்கூட நம் பெண்கள் நூறு பேரில் நாற்பத்து மூன்று பேருக்கு மேல் எழுத்துக்கு வெளியே நின்றார்கள். ஆகவே எழுத்தறிவு வகுப்பு வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் நமக்குக் கிடையாது.

ஆனால் இந்த எண் எதை அளக்கிறது? ஏழு வயதுக்கு மேற்பட்டவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். அந்த எழுத்தைக்கொண்டு அவர் எதைப் படித்தார், படித்ததை யாரோடு விவாதித்தார், எதை மறுத்தார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. நூற்றாண்டுகளாக நமக்கு மறுக்கப்பட்டது வெறும் அகர வரிசை அல்ல. நூலைப் படித்து அதற்குப் பொருள் சொல்லும் உரிமையே மறுக்கப்பட்டது. ஓதுபவன் ஒருவன், உரை சொல்பவன் ஒருவன், கைகட்டிக் கேட்பவன் மற்றவன் என்பதே சாதியின் கல்வி ஏற்பாடு. எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு உரை சொல்லும் இடத்தைப் பூட்டிவைத்தால் அந்த ஏற்பாடு அப்படியே நீடிக்கும்.

பத்திரிகையே வகுப்பறையானபோது

ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாய் புலேவும் உழைக்கும் மக்களுக்காகப் புனேயில் இரவுப் பள்ளி தொடங்கியது 1855இல். பகலில் உழைப்பவருக்கு இரவில்தான் கல்வி என்ற எளிய உண்மையை அவர்கள் கண்டுகொண்டார்கள். தமிழகத்தில் அந்த வேலையை வேறு வடிவில் செய்தவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1907 ஜூன் 19 முதல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழாக வந்தது. அடுத்த ஆண்டு அதன் பெயர் ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கியவர்கள், பெங்களூரிலும் ஹூப்ளியிலும் செகந்தராபாத்திலும் பிழைக்கப் போனவர்கள், கடல் கடந்து இரங்கூனிலும் நேட்டாலிலும் வாழ்ந்தவர்கள் என்று அதன் வாசகர்கள் பரந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவர்களிடம் பண்டிதர் என்ன பேசினார்? வீரசோழியம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, சூளாமணி என்று பேசினார். ஔவையின் ஆத்திசூடிக்கு உரை எழுதினார். குறளைத் ‘திரிக்குறள்’ என்று பெயரிட்டு, பௌத்த மரபில் வைத்து, 55 அதிகாரங்கள்வரை உரை எழுதினார். வாசகர்கள் கடிதம் வழியே வினாக்கள் எழுப்பினார்கள், அவர் விடையளித்தார். பாடம், வினா, விடை, மறுப்பு என்று ஒரு வகுப்பறைக்குரிய அனைத்தும் அந்த இதழில் இருந்தன. அவர் 1914இல் மறைந்த பின்னும் கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுவந்தது.

இன்னொன்றையும் பண்டிதர் பதிவு செய்தார். ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பனே குறள், நாலடி ஏடுகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பது அது. குறள் மூலம் முதலில் அச்சானது 1812இல். நம் இலக்கியம் என்று ஊரே கொண்டாடும் நூலைக் காத்துவைத்த வீடுகளில் ஒன்று சேரியில் இருந்தது என்பதே அந்தப் பதிவின் பொருள். செவ்வியல் இலக்கியத்தின் வாசலில் நின்று பண்டிதர் அனுமதி கேட்கவில்லை. வீட்டுக்காரர் தம் வீட்டுக்குள் நுழைவதைப் போல நுழைந்தார்.

ரோச்டேல் நெசவாலையிலிருந்து ஒரு பாடம்

நம் தோழர்களின் ஐயத்துக்கு இப்போது வருவோம். இலக்கியம் உழைப்பவரை மழுங்கடிக்கும் என்ற அச்சம் புதிதல்ல. ‘தமிழன்’ வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் இதே சண்டை நடந்தது.

அங்கே 1903இல் தொழிலாளர் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. 1908 ஜனவரியில் பீங்கான் தொழிலாளர் நகரமான லாங்டனிலும் பருத்தி ஆலை நகரமான ரோச்டேலிலும் அதன் முதல் மூன்றாண்டு வகுப்புகள் ஆரம்பமாயின. ஆசிரியர் ஆர்.எச். டானி, பாடம் பொருளாதார வரலாறு. வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம். முதல் மணியில் ஆசிரியர் பேசுவார். இரண்டாம் மணி மாணவர்களுடையது. அவர்கள் கேள்வி கேட்பார்கள், மறுப்பார்கள், கட்டுரை எழுதிக்கொண்டு வருவார்கள். பின்னாளில் இத்தகைய வகுப்புகளில் இலக்கியம் முக்கியப் பாடமாக வளர்ந்தது.

மறுபக்கம், தொழிலாளர்களுக்காகவே நடத்தப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் 1909இல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல்கலைக்கழகம் தருவது ஆளும் வர்க்கத்தின் கல்வி, எங்களுக்கு மார்க்சியம் வேண்டும் என்று சொல்லி வெளியேறித் தனித் தொழிலாளர் கல்லூரி அமைத்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. மேலிருந்து பரிமாறப்படும் பண்பாடு, வாங்கிக்கொள்பவரை நன்றியுள்ளவராக மாற்றப் பார்க்கும். நம் அனுபவமும் அதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரேமண்ட் வில்லியம்ஸ் பதினைந்து ஆண்டுகள் முதியோர் வகுப்புகளில் இலக்கியம் கற்பித்தார். பண்பாடு என்ற சொல்லுக்கு யார் உரிமையாளர் என்ற கேள்வியை அத்தகைய வகுப்பொன்றில்தான் ஆராயத் தொடங்கினார். 1958இல் வெளியான அவருடைய ‘பண்பாடும் சமூகமும்’ என்ற நூலின் வேர் அங்கே இருக்கிறது. 1948 முதல் யார்க்‌ஷயர் தொழில் நகரங்களில் இலக்கியமும் வரலாறும் நடத்திய ஈ.பி. தாம்சன், 1963இல் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அதைத் தம் முதியோர் வகுப்பில் படித்த ஒரு தம்பதியருக்கே காணிக்கையாக்கினார். உழைக்கும் மக்கள் வகுப்பில் உட்கார்ந்ததால் மாறியது அவர்கள் மட்டுமல்ல. வரலாறும் இலக்கிய விமர்சனமும்கூட மாறின. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இலக்கியமா அரசியலா என்று கேட்பதைவிட, வகுப்பின் இரண்டாம் மணி யாருடையது என்று கேட்பதே சரி.

யாருடைய செவ்வியல்?

1995இல் நியூயார்க்கின் கீழைக் கிழக்குப் பகுதியில் ஏர்ல் ஷோரிஸ் என்ற எழுத்தாளர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். வந்தவர்கள் ஏழைகள். வீடில்லாதவர்களும் சிறை சென்று மீண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்குத் தொழிற்பயிற்சி தராமல் தத்துவம், இலக்கியம், கலை வரலாறு, அமெரிக்க வரலாறு, தர்க்கம் ஆகியவற்றைக் கற்பித்தார். பிளேட்டோவைப் படித்தார்கள். வந்துபோக ரயில் கட்டணமும் தரப்பட்டது. இந்தச் சிறிய செய்தி முக்கியமானது. கல்வியை இலவசம் என்று அறிவித்துவிட்டு, வந்துசேரும் வழியை அடைத்து வைப்பது நமக்குப் பழகிய தந்திரம்.

இதற்கு நாம் ஒரு கேள்வி எழுப்பலாம். கறுப்பின மக்களும் தென்னமெரிக்கக் குடியேறிகளும் கிரேக்கரைத்தான் படிக்க வேண்டுமா? அந்த வகுப்புகளே பின்னர் இதற்கு விடை தேடின. மெக்சிகோவின் யுகதானில் மாயா மக்கள் தம் மொழியிலும் தம் மரபிலும் படித்தார்கள். அலாஸ்காவின் யூபிக் மக்களுக்கும் அப்படியே நடந்தது. செவ்வியல் எது என்பதைக் கற்பவர்களே தீர்மானிக்கலாம் என்பதை இவை காட்டுகின்றன.

அறிவொளியின் வெளிச்சமும் அது நின்ற இடமும்

இந்தியாவில் 1978 அக்டோபர் 2இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அதன் இலக்கு 15 முதல் 35 வயதுவரையானவர்கள். தமிழகத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டையில் கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றதை நாடே பேசியது. ச. தமிழ்ச்செல்வன் போன்ற எழுத்தாளர்கள் அதில் இறங்கி உழைத்தார்கள். பாட்டும் வீதி நாடகமும் சேரிக்குள் வந்தன. இதை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனால் இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும் ஊர் ஊராக வகுப்புகள் ஓய்ந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய கைகளுக்கு அடுத்த நூல் கிடைக்கவில்லை. படிக்க ஏதும் இல்லாதவர் படிப்பை மறந்துபோவார், அது அவர் குற்றமல்ல. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் அடிப்படை எழுத்தறிவு, வாழ்வியல் திறன், தொழில்திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி என்று ஐந்து கூறுகள் உண்டு. இலக்கியத்துக்கென்று தனி இடம் இல்லை. அந்த இடத்தை அரசு உருவாக்கித் தரும்வரை நாம் காத்திருக்க முடியாது.

எப்படிப் படிப்பது

செவ்விலக்கியம் நமக்குத் தூய வீடு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பறையனை நான்கு குடிகளில் ஒன்றாக மதித்துச் சொல்லும் பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது. இழிசினன், புலையன் என்ற சொற்களும் அதே தொகையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துப் பெருமை பேசுவதும், மற்றதை மட்டும் எடுத்து நூலையே எரிப்பதும் படிப்பு ஆகாது. இரண்டையும் ஒரே மாலையில் படித்து, துடி கொட்டியவனும் கட்டில் பின்னியவனும் யார், அந்த வேலைகளுக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்று கேட்க வேண்டும். ராஜ் கௌதமன் தம் வாழ்நாள் ஆய்வில் சங்க இலக்கியத்தை இப்படித்தான் துருவினார்.

இரண்டாவது, மூலத்தையும் உரையையும் பிரித்துப் படிக்க வேண்டும். பிறப்பால் அனைவரும் ஒப்பர் என்ற கருத்துக்குச் சான்றாகக் குறளை மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் பரிமேலழகர் அறம் என்றால் மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வது என்றே தொடங்குகிறார், ஒழுக்கத்தை வருணத்தோடு கட்டுகிறார். மூலத்தில் இருப்பது எது, உரையில் ஏறியது எது என்று எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றவரும் பிரித்தறிய முடியும். அதை ஒருமுறை செய்தவர், பத்திரம் எழுதுபவரும் காவல் நிலைய எழுத்தரும் வாசித்துக் காட்டுவதை அப்படியே நம்பமாட்டார்.

மூன்றாவது, பழையதையும் புதியதையும் அருகருகே வைக்க வேண்டும். நந்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் ஆதனூர்த் திருநாளைப்போவாருக்குப் பண்ணையார் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய சரித்திரத்தில் வேதியர் வருகிறார், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். அயோத்திதாசரிடம் நந்தன் பௌத்த அரசனாகிறான். மூன்றையும் படித்தால் வயலில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி கூலி பற்றியதாகத்தான் இருக்கும். நெருப்பில் இறங்காமல் நந்தன் ஏன் கோயிலுக்குள் போக முடியவில்லை என்பது அடுத்த கேள்வி. இலக்கியம் போராட்டத்துக்கு வெளியே இருப்பதாகச் சொல்பவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் ஒருமுறை காதுகொடுத்துக் கேட்கட்டும்.

நவீன இலக்கியமும் நமக்கு வெறும் கண்ணாடி அல்ல. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது சேரியின் பேச்சுமொழி அச்சில் நிமிர்ந்து நின்றது. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இலேயே நம் தலைவர்களின் வீட்டுக்குள் நுழைந்து, பெண்ணின் இடம் எது என்று கேட்டது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் நம் தெருவுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தை நம் முன் நிறுத்தியது. நம்மைப் பாராட்டும் நூல்களை மட்டும் படிக்கும் வகுப்பு பாதி வகுப்புதான். நமக்குக் கீழே ஒருவரை நாம் வைத்திருக்கிறோமா என்று கேட்கும் நூலையும் நாமே எடுத்துப் படிக்க வேண்டும்.

தோழர்களே, இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், ஊர்ப் படிப்பகமோ அம்பேத்கர் மன்றமோ போதும். பழைய நூலில் ஒரு பக்கம், புதிய நூலில் ஒரு பக்கம். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும், தெரியாதவரும் கேட்டு விவாதிக்கட்டும். குழந்தையோடு வரும் பெண்ணுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும். தூரத்திலிருந்து வருபவருக்குப் பேருந்துக் கட்டணத்தை மன்றம் ஏற்கட்டும். பட்டப்படிப்பு முடித்த மாணவர்கள் முதல் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மணியில் வாய்மூடிக் கேளுங்கள். நீங்கள் எழுதப்போகும் ஆய்வேட்டின் சரியான கேள்வி அங்கேதான் கிடைக்கும்.

கற்பி, ஒன்றுசேர், கிளர்ச்சி செய் என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னார். அந்த மூன்றில் முதல் சொல் கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது. நினைவில் வாழும் தோழருக்கு நம் அஞ்சலி, அடுத்த மாதத்துக்குள் தொடங்கும் முதல் வகுப்பாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.